தலையில் அடிபட்ட பிள்ளையைத் திரும்ப விளையாட விடுவது எப்போது?

குளக்கட்டு
ஞாயிறு, இரவு 9.40

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி படிப்பிக்கிறேன். உதைபந்தாட்ட அணியும் என் பொறுப்பில்தான். ஒரு விடயம் கொஞ்ச நாளாக என்னை நித்திரை கொள்ள விடுவதில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

பன்னிரண்டு நாட்களுக்கு முன் ஒரு பயிற்சி ஆட்டம். எங்கள் கோல்காப்பாளர் 16 வயதுப் பெடியன். கோர்னர் பந்தைப் பிடிக்கப் பாய்ந்தபோது மற்றப் பிள்ளையின் முழங்கால் அவன் காதுக்கு மேலே பட்டது. விழுந்தான், உடனே எழும்பினான். நினைவு தப்பவில்லை, வாந்தி இல்லை. "ஒண்டுமில்லை சேர்" என்றான். நானும் விட்டுவிட்டேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் கோல் கம்பத்தடியில் குந்தியிருந்து சப்பாத்து நூலைக் கட்டுகிறான். கட்டி முடித்து எழும்பினான். திரும்பக் குந்தி அதே சப்பாத்தை அவிழ்த்துக் கட்டினான். மூன்றாம் தரமும் அதே சப்பாத்து. அப்போதுதான் எனக்கு நெஞ்சு பக்கென்றது. ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் போய் ஸ்கோர் என்ன என்று கேட்டேன். தெரியவில்லை. தான் வாங்கிய கோல்கூட நினைவில் இல்லை. அந்தப் பத்து நிமிடமும் அவனை விளையாட விட்டது என் பிழை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஓரிரவு வார்டில் வைத்துப் பார்த்தார்கள், சி.ரி. ஸ்கானும் எடுத்தார்கள். எல்லாம் நோர்மல், மூளை அதிர்ச்சிதான், இரண்டு கிழமை ஓய்வு என்று துண்டு தந்து விட்டார்கள். அந்த இரண்டு கிழமை செவ்வாயோடு முடிகிறது. சனிக்கிழமை வலய மட்டப் போட்டி. பெடியன் தலையிடி இல்லை என்கிறான். தாய் தனியாக என்னிடம் வந்து, பின்னேரத்தில் ரியூப் லைற்றை நிற்பாட்டச் சொல்கிறான் சேர் என்கிறா. நான் யாரை நம்புவது? சும்மா "தலையிடிக்குதா?" என்று கேட்பதைவிட வேறு ஏதும் வழி இருக்கிறதா?


நந்திக்கடல்
ஞாயிறு, இரவு 10.22

சேர், உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் பிள்ளையின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். நான் முல்லைத்தீவில் பதினொரு வருடம் கழகத்துக்கு விளையாடியவன். எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற வாய்ப்புக் குறைவு. வலயத்தில் விளையாடினால்தான் மாகாணம். மாகாணச் சேர்டிபிக்கற் ஒன்று கையில் இருந்தால் நாளைக்கு ஒரு வேலைக்குப் போகும்போது அது பேசும். டொக்டர் தந்த இரண்டு கிழமை செவ்வாயோடு முடிகிறது, ஸ்கானும் நோர்மல், பிள்ளையும் சுகம் என்கிறான். இதற்கு மேல் என்ன வேண்டும்?

2019 பெப்ரவரியில் கன்பரா டெஸ்ட் கிரிக்கெற்றில் எங்கள் திமுத் கருணாரத்ன அவுஸ்திரேலியாவின் கம்மின்ஸின் பந்து பட்டு ஸ்ரெச்சரில் போனதை எல்லாரும் பார்த்தோம். மறுநாள் வந்து திரும்பத் துடுப்பெடுத்தார்.


பூவரசு
திங்கள், காலை 5.50

வேலைக்குப் போக முன் எழுதுகிறேன். நான் பிசியோ, வடக்கில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன்.

முதலில் அந்த ஸ்கான் கதை. சி.ரி. பார்ப்பது இரத்தக் கசிவையும் எலும்பு வெடிப்பையும். மூளை அதிர்ச்சி அதில் தெரியாது. அது மூளை வேலை செய்கிற விதத்தில் வரும் குழப்பம், படத்தில் விழாது. ஆகவே ஸ்கான் நோர்மல் என்றால் கசிவும் வெடிப்பும் தெரியவில்லை என்று அர்த்தம், விளையாடலாம் என்று அர்த்தம் இல்லை. ஊரில் இந்த இரண்டையும் ஒன்றாக எடுக்கிறார்கள், படித்தவர்கள்கூட.

சேர் கேட்ட வழி இருக்கிறது. அமெரிக்காவில் பஃபலோ பல்கலைக்கழகத்தில் டொக்டர் ஜோன் லெடியும் பாரி வில்லரும் உருவாக்கிய ட்ரெட்மில் சோதனை. பிள்ளையை மணிக்கு 5 கிலோமீற்றர் அளவில், சமதரையில் நடப்பது போல நடக்கவைப்பார்கள். ஒவ்வொரு நிமிடமும் ஏற்றத்தை ஒரு வீதம் கூட்டுவார்கள். பதினைந்து நிமிடம் தாண்டினால் வேகத்தைக் கூட்டுவார்கள். நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று விடயம் எழுத வேண்டும்: நாடித்துடிப்பு எத்தனை, எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது, தலையிடி, தலைச்சுற்று போன்றவை பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எத்தனை. தொடங்கும்போது சொன்ன எண்ணிலிருந்து மூன்று கூடினால் அந்த இடத்திலேயே நிற்பாட்ட வேண்டும். அந்த நேரம் நாடி எத்தனையோ, அதுதான் அந்தப் பிள்ளையின் எல்லை. ஒன்றும் கூடாமல் களைத்து விழுகிற அளவுக்குப் போனால், உடல் உழைப்பைப் பொறுத்தமட்டில் மூளை தேறிவிட்டது என்று எடுக்கலாம்.

ஏன் இப்படி என்று கேட்பீர்கள். அடிபட்ட மூளையில் இரத்த ஓட்டத்தைச் சீராக்குகிற தன்னியக்க நரம்புகளின் பிடி தளர்ந்திருக்கும். இருந்த இடத்தில் இருக்கும்போது தெரியாது. இதயம் வேகமாக அடிக்கத் தொடங்கினால்தான் வெளிவரும். கதிரையில் இருத்திவைத்துத் தலையிடி இருக்கிறதா என்று கேட்டால் பிள்ளை இல்லை என்பான், அது உண்மையாகவும் இருக்கும். கோல் கம்பத்துக்குக் கீழே நாடி 170க்குப் போனால் என்ன நடக்கும் என்பது அவனுக்கும் தெரியாது.

நந்திக்கடல் அண்ணா, கருணாரத்ன வளர்ந்த ஆள், பக்கத்தில் அணி வைத்தியர் நின்றார். அதே வருடம் ஓகஸ்டிலிருந்து டெஸ்ட் போட்டிகளில் மூளை அதிர்ச்சிக்கு மாற்று வீரரை இறக்கச் சர்வதேச கிரிக்கெற் சபை (ஐ.சி.சி.) அனுமதித்தது. 16 வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்களைவிட அதிக நாள் எடுக்கும். நான்கு கிழமைக்குள் பெரும்பாலானோர் தேறிவிடுவார்கள், ஆனால் இரண்டு கிழமை என்பது எல்லாருக்கும் பொருந்துகிற கணக்கு இல்லை.


செம்மண் வீதி
திங்கள், மதியம் 1.05

இதை வாசித்துவிட்டு அழுகைதான் வந்தது. எனது மகள் போன வருடம் வலைப்பந்து விளையாடும்போது இன்னொரு பிள்ளையோடு தலை முட்டினது. நாங்கள் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே இருக்கிறோம். மூளைக்கு ஓய்வு வேண்டும் என்று சொன்னதை நான் வேதவாக்காக எடுத்தேன். மூன்று கிழமை அறையை இருட்டாக்கி, ஜன்னலுக்குச் சாரம் கட்டி, போன் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, சிநேகிதப் பிள்ளைகளையும் வரவிடவில்லை. முதல் கிழமை சுகம் போல இருந்தது. பிறகு எழும்பி நின்றாலே தலை சுற்றுது என்றாள். சாப்பாடு குறைந்தது, இரவில் நித்திரை இல்லை, பகலெல்லாம் படுக்கை. நான் இன்னும் இறுக்கினேன். பிழை செய்துவிட்டேனா?


பூவரசு
திங்கள், மாலை 6.30

அக்கா, அது உங்கள் பிழை இல்லை. முந்தி உலகம் முழுக்க அப்படித்தான் சொன்னார்கள், நாங்களும் சொன்னோம். இப்போதைய நிலைப்பாடு வேறு. விளையாட்டில் வரும் மூளை அதிர்ச்சி பற்றி 2022இல் அம்ஸ்ரர்டாமில் நடந்த மாநாட்டின் கூட்டறிக்கை அடுத்த வருடம் வெளிவந்தது. முதல் 24 முதல் 48 மணித்தியாலம் வரை ஓரளவு ஓய்வு, அந்த நேரத்தில் போன், ரீவியைக் குறைப்பது, அதன்பிறகு மெதுவாக நடக்கத் தொடங்குவது. முழு இருட்டு வேண்டாம்.

லெடியின் குழு செய்த இரண்டு ஆய்வுகளையும் சொல்கிறேன், ஏனென்றால் என் மனதை மாற்றியவை அவைதான். 2019இல் வந்ததில், 13 முதல் 18 வயதுக்குட்பட்ட 103 விளையாட்டுப் பிள்ளைகள். அடிபட்டுப் பத்து நாளைக்குள் பாதிப்பேருக்கு, சோதனையில் கண்ட எல்லைக்குக் கீழே தினமும் 20 நிமிட உடற்பயிற்சி. மற்றவர்களுக்கு உடலை நீட்டி மடக்கும் இலேசான பயிற்சி மட்டும். முதல் கூட்டம் தேற நடுக்கணக்காக 13 நாள், மற்றக் கூட்டத்துக்கு 17 நாள். 2021இல் 118 பிள்ளைகளோடு திரும்பச் செய்தார்கள்: 14 நாளும் 19 நாளும். ஒரு மாதத்துக்கு மேல் இழுபடும் ஆபத்தும் அந்தப் பயிற்சியால் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது.

ஆகவே இந்தச் சோதனை பிள்ளையைத் தடுக்கிற கேற் மட்டும் இல்லை. எந்த அளவுக்கு உடற்பயிற்சி கொடுக்கலாம் என்று சொல்கிற அளவுகோலும் அதுதான். மருந்து எத்தனை மில்லி என்று பார்ப்பது போல.


குளக்கட்டு
திங்கள், இரவு 8.15

தங்கச்சி, கோடி நன்றி. ஆனால் எங்களிடம் ட்ரெட்மில் எங்கே? மைதானத்தில் ஓடவைத்து நானே பார்க்கலாமா? கையில் மணிக்கூடு இருக்கிறது, நாடி பிடிக்கவும் தெரியும்.

இன்னொன்று. நீங்கள் "மெதுவாக நடக்கத் தொடங்குவது" என்று எழுதினதைப் பார்த்ததும் அவன் வீட்டை யோசித்தேன். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு ஆறு கிலோமீற்றர் சைக்கிளில் வருகிறவன், பாதித் தூரம் கிரவல் ரோட்டு. இப்போது சோளகக் காற்று முகத்துக்கு எதிரே. ஓய்வு என்று துண்டு தந்த இரண்டு கிழமையில் பள்ளிக்கூடம் வந்தானா என்று கேட்டேன். ஏழு நாள் வந்திருக்கிறான். பின்னேரத்தில் தகப்பனோடு மிளகாய்க்குத் தண்ணி மாறியிருக்கிறான். ஒருநாள் மருந்தடிக்கிற மெசினையும் முதுகில் தூக்கியிருக்கிறான். தகப்பனைக் குறை சொல்ல மாட்டேன். விளையாட வேண்டாம் என்றுதான் துண்டில் இருந்தது, தண்ணி மாற வேண்டாம் என்று இல்லை.


தருமபுரத்தான்
திங்கள், இரவு 9.50

சேர் எழுதினதில் ஒரு விடயம் விடுபட்டுப் போகக் கூடாது. எங்கள் ஊரில் தலையிடி என்பதை யாரும் ஒரு நோயாக எடுப்பதில்லை. என் தகப்பனுக்கு 2009இல் பட்ட செல் துண்டு இன்னும் மண்டைக்குள் இருக்கிறது. மழை இருட்டினால் தலையைப் பிடித்துக்கொண்டு இருப்பார், இரண்டு பனடோல் போடுவார், பிறகு எழும்பி வயலுக்குப் போவார். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பிள்ளை, பந்து விளையாடிப் பட்ட தலையிடியைச் சொல்ல வெட்கப்படுவான். நானும் அப்படித்தான் இருந்தேன். பதினேழு வயதில் மென்பந்துக் கிரிக்கெற்றில் இரண்டு பேர் ஒரே பந்துக்கு ஓடி மோதி விழுந்தோம். ஒரு மாதம் வகுப்பில் கரும்பலகை தெளியவில்லை. அப்பாவுக்கு முன்னால் இதைச் சொல்வதா என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

பிள்ளை பொய் சொல்கிறான் என்று நினைக்காதீர்கள். அவனுக்கு அதைச் சொல்ல இடமில்லை.


ஸ்காபரோ அக்கா
செவ்வாய், காலை 7.10

நான் புதுக்குடியிருப்பில் பிறந்தவள், இப்போது கனடாவில். என் மகன் இங்கே சொக்கர் விளையாடுகிறான். ஒவ்வொரு பருவமும் தொடங்க முன்னம் அவனும் நானும் மூளை அதிர்ச்சி பற்றிய குறிப்பை வாசித்து, வாசித்தோம் என்று உறுதி கொடுக்க வேண்டும். ஒன்ராறியோவில் 26 வயதுக்குக் குறைந்த விளையாட்டுப் பிள்ளைகளுக்கு அது சட்டம். றோவன் சட்டம் என்று பெயர், 2018இல் நிறைவேறியது.

றோவன் ஸ்ரிங்கர் ஒட்டாவாவில் 17 வயதுப் பிள்ளை, பள்ளிக்கூட ரக்பி அணித் தலைவி. 2013 மே மாதம் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தாள். அதற்கு முந்திய நாட்களிலும் தலையில் அடிபட்டிருந்தது. தனக்கு மூளை அதிர்ச்சியாக இருக்குமோ என்று அவளே போனில் தேடிப் பார்த்திருக்கிறாள், பிறகு நடந்த விசாரணையில் அது வெளிவந்தது. தேறாத மூளையில் இரண்டாம் அடி விழுந்தால் மூளை கடுமையாக வீங்கி உயிர் போகலாம். அரிதுதான், ஆனால் போவது இளம் பிள்ளைகளின் உயிர்.

நந்திக்கடல் அண்ணா சொல்கிற சேர்டிபிக்கற்றின் பெறுமதி எனக்கும் தெரியும். நானும் அந்த மண்ணில் படித்தவள். ஆனாலும் சனிக்கிழமை வேண்டாம் அண்ணா.


பூவரசு
செவ்வாய், இரவு 7.40

சேர், சோதனையை மைதானத்தில் நீங்களே செய்ய வேண்டாம். வெயிலுக்குள் ஓடினால் மூளை அதிர்ச்சி இல்லாத பிள்ளைக்கும் தலையிடிக்கும். காலையில் சாப்பிடாமல் வருகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எது எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது. அதைவிட, ஓடும்போது தலை குலுங்கும், கழுத்து நோவும் சேரும். அதனால்தான் சைக்கிள் மெசினில் செய்கிற முறையும் இருக்கிறது. ஒரே வேகத்தில் மிதிக்க வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இறுக்கத்தைக் கூட்டுவோம். எங்கள் யூனிற்றில் அந்த மெசின் ஒன்று இருக்கிறது. டொக்டரோடு கதைத்துவிட்டேன், நாளைக் காலை எட்டு மணிக்கு முன் கூட்டி வாருங்கள்.

எல்லாப் பிள்ளையையும் ஏற்ற மாட்டோம். சும்மா இருக்கும்போதே பத்துக்கு ஏழு என்று சொல்கிற பிள்ளை, இதயக் கோளாறு உள்ள பிள்ளை, காலில் காயம் உள்ள பிள்ளை மெசினில் ஏறக் கூடாது. தலையிடி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்ப எழுப்ப நித்திரை, கை கால் சோர்வு, இரண்டாகத் தெரிவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் சோதனை என்ற பேச்சே இல்லை. 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதை மைதானத்தில் நிற்கிற ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.


நந்திக்கடல்
செவ்வாய், இரவு 10.00

ஒரு கேள்வி, தங்கச்சி. சண்டைக்குக் கேட்கவில்லை. அந்தச் சோதனையிலும் பிள்ளையின் வாயைத்தானே நம்புகிறீர்கள்? நாடியை மெசின் காட்டும். தலையிடி எத்தனை என்று சொல்வது அவன்தானே? சனிக்கிழமை விளையாட ஆசைப்படுகிற பிள்ளை கடைசிவரைக்கும் ஒன்று, ஒன்று என்றே சொல்லிக்கொண்டு போக மாட்டானா?


பூவரசு
செவ்வாய், இரவு 10.45

நல்ல கேள்வி அண்ணா. ஓம், அவன் வாயைத்தான் நம்புகிறோம். இந்தச் சோதனையின் பலவீனம் அதுதான், மறைக்க மாட்டேன். முகத்தையும் பார்ப்போம். வெளிறும், கண்ணைச் சுருக்குவான், கேட்ட கேள்விக்குப் பதில் பிந்தும். நாடி 160இல் இருக்கும்போது நடிப்பது கதிரையில் இருந்து நடிப்பது போல இலேசு இல்லை. ஆனாலும் பிடிவாதமான பிள்ளை மறைப்பான்.

அதனால்தான் தொடங்க முன் ஐந்து நிமிடம் பிள்ளையோடு இருந்து கதைப்பேன். "தம்பி, நீ நான்கு என்று சொன்னால் உன்னை வீட்டில் படுக்க விடப் போவதில்லை. எந்த அளவுக்கு நீ பயிற்சி செய்யலாம் என்று அந்த எண்தான் எனக்குச் சொல்லும். பொய்யான எண் தந்தால் பிழையான அளவு தருவேன், உனக்குத்தான் நாள் கூடும்." இதைச் சொன்ன பிறகு பெரும்பாலான பிள்ளைகள் உண்மையைச் சொல்வதை நான் கண்டிருக்கிறேன். "இல்லை" என்று சொன்னால் விளையாடலாம், "ஓம்" என்று சொன்னால் வீட்டில் இரு என்று வைத்தால் எந்தப் பிள்ளைதான் ஓம் என்று சொல்லும்? உண்மை சொல்வதால் பிள்ளைக்கு ஏதாவது கிடைக்க வேண்டும்.


குளக்கட்டு
புதன், மாலை 4.20

போய் வந்தோம். தாய், பெடியன், நான், மூன்று பேரும் பஸ்ஸில். அங்கே நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். பேனாவைக் கண்ணுக்கு முன்னால் ஆட்டிப் பார்த்தார்கள், ஒரு காலில் நிற்க வைத்தார்கள். இருக்கும்போது நாடி 72. தலையிடி எத்தனை என்றதற்கு ஒன்று என்றான். தாய் அவனைத் திரும்பிப் பார்த்தா. இல்லை என்றுதானே இவ்வளவு நாளும் சொன்னான்.

மிதிக்கத் தொடங்கினான். ஆறு நிமிடம் வரைக்கும் ஒன்று, ஒன்று. சிரித்துக்கொண்டே மிதித்தான். எட்டாம் நிமிடம் சிரிப்பு நின்றது. இரண்டு என்றான். பிறகு ஹாண்டிலைப் பிடித்திருந்த கையில் ஒன்றை எடுத்து நெற்றியை ஒருதரம் தொட்டான், உடனே திரும்ப வைத்தான். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருப்பான். பத்தாம் நிமிடம் மூன்று. பதினொன்றில் எத்தனை தம்பி என்று கேட்டபோது பதில் வரவில்லை. கீழே பெடலையே பார்த்துக்கொண்டு மிதித்தான். பிறகு நான்கு என்றான், சத்தம் இல்லாமல். நாடி 146. இறுக்கத்தைக் குறைத்து, மெதுவாக மிதிக்க விட்டு, இறக்கினார்கள்.

இறங்கினதும் அழத் தொடங்கினான். தோளைப் பிடித்துக்கொண்டேன். சனிக்கிழமை நாடி 146ஐத் தாண்டாமல் ஒரு கோல்காப்பாளர் விளையாட முடியுமா? முதல் கோர்னரிலேயே தாண்டிவிடும். இதைத்தான் நான் இரண்டு கிழமை முடிந்தது என்று சொல்லி இறக்கிவிட இருந்தேன்.

146இல் பத்து வீதம் கழித்து 131. தினமும் 20 நிமிடம் நாடி 130 அளவில் பயிற்சி, அதைத் தாண்டக் கூடாது. ஒரு கிழமை கழித்துத் திரும்பச் சோதனை. பள்ளிக்கூடத்துக்கு இந்தக் கிழமை நான் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகிறேன், கிரவல் ரோட்டில் மெதுவாக.


தருமபுரத்தான்
புதன், இரவு 8.30

சேர், பயிற்சியை வீட்டில் எப்படிச் செய்கிறான்? ஜிம் இல்லாத ஊரில் இதை மற்றவர்களும் தெரிந்துகொள்ளலாம்.


குளக்கட்டு
வியாழன், இரவு 9.05

அவனுடைய லுமாலா சைக்கிள்தான். பின் சில்லு நிலத்தில் முட்டாமல் தூக்கி நிற்கிற ஸ்ராண்ட் இருக்கிறதே, அதில் நிறுத்திவைத்து வேப்பமரத்துக்குக் கீழே காலை ஆறு மணிக்கு மிதிக்கிறான். விழப் பயமில்லை, கிரவல் குலுக்கம் இல்லை, எதிர்க்காற்று இல்லை. இறுக்கம் காணாவிட்டால் பின் பிரேக்கைக் கொஞ்சம் பிடிக்கிறான். எட்டாம் வகுப்புப் படிக்கிற தங்கச்சிதான் நாடி பார்க்கிறாள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிற்பாட்டி, உடனே மணிக்கட்டைப் பிடித்துப் பத்து விநாடி எண்ணி ஆறால் பெருக்கிக் கொப்பியில் எழுதுகிறாள். இன்று காலை 22 எண்ணினாளாம், 132, "அண்ணா கூடிட்டுது, குறை" என்று கத்தியிருக்கிறாள். அந்தக் கொப்பியைப் பார்த்தேன். கோடு போட்டு, திகதி போட்டு, இவ்வளவு ஒழுங்காக என் பதிவேடுகூட இல்லை.

தகப்பன் தண்ணி மாறுகிற வேலைக்கு அவனைக் கூப்பிடுவதை நிற்பாட்டிவிட்டார். அவரிடம் அந்த 146 என்ற எண்ணைச் சொன்னேன், வேறொன்றும் விளக்கவில்லை. மோட்டருக்கு இவ்வளவு கரண்டுக்கு மேல் போனால் சுருள் எரியும், அப்படித்தானே சேர் என்றார். சரியாகத்தான் விளங்கியிருக்கிறார்.


பூவரசு
வெள்ளி, காலை 6.00

அந்தத் தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்லுங்கள் சேர்.

மற்றவர்கள் பின்பற்றப் போனால் ஒன்றைக் கவனியுங்கள். எல்லையைச் சோதித்துக் கண்டபிறகுதான் இந்த 130 வந்தது. உங்கள் பிள்ளைக்கும் 130 என்று எடுக்கக் கூடாது. சோதனைக்கு வழி இல்லாத இடத்தில் அம்ஸ்ரர்டாம் அறிக்கையின் படிகள் இருக்கின்றன. 220இல் வயதைக் கழித்தால் உச்ச நாடி, 16 வயதுக்கு 204. இலேசான பயிற்சி அதில் 55 வீதம் வரை, அதாவது 112. அது ஒத்துக்கொண்டால் 70 வீதம் வரை, 143. பயிற்சியின்போது தலையிடி இரண்டு புள்ளிக்கு மேல் கூடினால் அன்றைக்கு நிற்பாட்டி, அடுத்த நாள் திரும்ப முயற்சிக்கலாம். கொஞ்சம் கூடி ஒரு மணித்தியாலத்துக்குள் அடங்கினால் பயப்பட வேண்டாம். பிறகு தனியாகச் செய்கிற விளையாட்டுப் பயிற்சி, ஆனால் தலையில் அடிபடக்கூடிய எதுவும் இல்லை. அதன்பிறகு உடல் மோதாத அணிப் பயிற்சி, பிறகு முழுப் பயிற்சி, கடைசியாகப் போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். மோதாத அணிப் பயிற்சிக்குப் போக முன்னம் எல்லா அறிகுறியும் போயிருக்க வேண்டும், டொக்டரின் சம்மதமும் வேண்டும்.

பள்ளிக்கூடம் முந்தி, மைதானம் பிந்தி. ஒரு பாடவேளை முழுக்க வாசித்தால் தலையிடிக்கிற பிள்ளை பந்துக்குத் தயார் இல்லை, மெசினில் எவ்வளவு மிதித்தாலும்.


நந்திக்கடல்
ஞாயிறு, மாலை 5.15

நேற்று மைதானத்துக்குப் போயிருந்தேன். சேரின் அணி இரண்டுக்கு ஒன்று தோற்றது. அந்தப் பெடியன் தண்ணிப் போத்தல்களோடு கோட்டுக்கு வெளியே நின்று, கோலுக்குள் நின்ற சின்னப் பிள்ளைக்கு ஒவ்வொரு கோர்னருக்கும் எங்கே நிற்க வேண்டும் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தான்.

எங்கள் கழகத்தில் ஒருவர் இருந்தார், நல்ல சென்ரர் பாக். பந்தைத் தலையால் அடிப்பதில் அவருக்கு நிகர் இல்லை. ஒரு பருவத்தில் மூன்று தரம் விழுந்தார். மூன்று தரமும் தலையில் தண்ணி ஊற்றி நாங்கள்தான் திரும்ப அனுப்பினோம். பிறகு ஆளின் குணம் மாறியது. கோபம் வரும், கதைத்துக்கொண்டிருக்கும்போது சொல்ல வந்ததை மறப்பார். குடி என்றார்கள். நானும் குடி என்றுதான் நம்பினேன். இந்த இழையை வாசித்த பிறகு மூன்று நாளாக அவரைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் கழகத்துச் செயலாளரோடு கதைத்திருக்கிறேன். தலையில் அடிபட்டால் அன்றைக்குத் திரும்ப இறக்குவதில்லை என்று இனி எழுத்திலேயே வைக்கப் போகிறோம்.


குளக்கட்டு
மூன்று கிழமை கழித்து, புதன், இரவு 8.00

முடிவைச் சொல்லாமல் விடக் கூடாது என்று வந்தேன். இரண்டாம் சோதனையில் எல்லை 168க்கு ஏறியது, அதன்படி பயிற்சி 151 ஆனது. மூன்றாம் சோதனையில் நாடி 186 வரைக்கும் போனான், கால் இனி முடியாது என்று நிற்பாட்டினான். தலையிடி தொடக்கத்திலும் பூச்சியம், முடிவிலும் பூச்சியம். டொக்டர் கண்ணையும் சமநிலையையும் திரும்பப் பார்த்து, வகுப்பாசிரியை எழுதித் தந்த துண்டையும் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகும் நேரே ஆட்டத்துக்கு விடவில்லை. இரண்டு நாள் தனிப் பந்து, இரண்டு நாள் மோதாத பயிற்சி, நேற்று முழுப் பயிற்சி. நேற்று முதல் கோர்னர் வந்தபோது எனக்குத்தான் நெஞ்சு அடித்தது. பாய்ந்து பிடித்தான்.

ரியூப் லைற் இரவு பத்து மணி வரைக்கும் எரிகிறதாம். தாய் சொன்னா.


செம்மண் வீதி
மூன்று கிழமை கழித்து, புதன், இரவு 9.30

சேர், சந்தோசம். பிசியோ தங்கச்சி, எனது மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், படிக்கிறாள். ஆனால் ஒரு வருடமாகியும் ஓடினால் தலையிடிக்குது என்று வலைப்பந்தை விட்டுவிட்டாள். இவ்வளவு காலம் கழித்தும் இந்தச் சோதனை செய்யலாமா, இல்லாவிட்டால் நேரம் போய்விட்டதா?


பூவரசு
மூன்று கிழமை கழித்து, வியாழன், காலை 5.45

நேரம் போகவில்லை அக்கா. இழுபட்ட பிள்ளைகளிலும் இதைச் செய்யலாம். உடல் உழைப்பால் வருகிற தலையிடியா, கழுத்திலிருந்து வருகிறதா, கண்ணும் காதும் சேர்ந்த சமநிலைக் குழப்பமா என்று பிரித்துப் பார்க்க உதவும். மெசினில் எவ்வளவு மிதித்தும் தலையிடி கூடாவிட்டால் கழுத்தையும் கண்ணையும்தான் தேட வேண்டும், அதற்கு வேறு பயிற்சி இருக்கிறது. டொக்டர் முதலில் பார்க்க வேண்டும், பழைய கிளினிக் கொப்பியைக் கொண்டு வாருங்கள்.

வருகிற புதன் எட்டு மணிக்கு முன். பிள்ளை காலையில் சாப்பிட்டிருக்க வேண்டும், தண்ணிப் போத்தல் வேண்டும். விளையாடுகிற சப்பாத்தை மறக்காமல் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.